ஒலியும் ஒளியும் காத்த வரலாறு



நமது ஆலயத்தின் பவள விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். பங்கு தோன்றிய விவரத்தையும், இங்குப் பணியாற்றிய குருக்களின் வரிசையையும், கோபுரமும் கெபியும் எழுந்த கதையையும் பெரியோர் பலர் வேறு பக்கங்களில் செம்மையாக எழுதியிருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். விழா மலருக்குப் படங்கள் தேடும்பொருட்டு, சக்ரீஸ்துவுக்குப் பின்னால் உள்ள பழைய மர அலமாரியைத் திறந்தபோது கண்ட காட்சியே அதற்குக் காரணம்.

அலமாரியின் கீழ்த்தட்டில், 1975-ஆம் ஆண்டு வெள்ளி விழாவில் பதிவு செய்த பெரிய சுருள் ஒலிநாடாக்கள் இரண்டு இருந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் பெயர் எழுதப்படாதவை. 2000-ஆம் ஆண்டுப் பொன்விழா வீடியோவின் அட்டைப்பெட்டியும் இருந்தது. ஆனால் உள்ளே நாடா இல்லை. அதனை யாரோ நகரத்துக் கடையொன்றில் கொடுத்துச் சி.டி.யாக மாற்றியிருக்கின்றனர். நாடா திரும்பி வரவில்லை. பெட்டிக்குள் கிடந்த அந்தச் சி.டி.யை நான்கு கருவிகளில் இட்டுப் பார்த்தோம், ஒன்றிலும் ஓடவில்லை.

அதே அலமாரியின் மேல்தட்டில் 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய திருமுழுக்குப் பதிவேடு இருந்தது. மை சற்றே மங்கியிருப்பினும் ஒவ்வொரு பெயரையும் படிக்க முடிகிறது. எழுபத்தைந்து ஆண்டு மை பேசுகிறது. இருபத்தைந்து ஆண்டுச் சி.டி. ஊமையாகிவிட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன இடத்தில் நாம் கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம்.

தகரத்தாளில் சிக்கிய குரல்

மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கச் செய்த முதல் கருவியை 1877-இல் அமெரிக்காவின் தாமஸ் ஆல்வா எடிசன் அமைத்தார் என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உருளையின்மேல் சுற்றிய மெல்லிய தகரத்தாளில் ஊசி குரலைக் கீறியது. சில முறை ஓட்டினால் கீறல் அழிந்துவிடும். ஆக, குரலைப் பிடிக்கக் கற்ற அன்றே, பிடித்ததைக் காக்கும் கவலையும் பிறந்துவிட்டது.

எடிசனுக்கும் முன்னவர் ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டின் எதுவார்-லெயோன் ஸ்காட் என்பவர், புகைக்கரி பூசிய தாளில் குரலின் அதிர்வைக் கோடுகளாக வரையும் கருவியை 1857-இல் அமைத்தார். கோட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்பதே அவர் நோக்கம். திரும்ப ஒலிக்கச் செய்ய அவர் எண்ணவில்லை. 1860-இல் அவர் வரைந்த தாள் ஒன்றை 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரின் துணையால் ஒலிக்கச் செய்தனர். நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டுப்பாட்டு கேட்டது. தாள் பத்திரமாக இருந்தமையால் அன்றோ இது கைகூடிற்று! பயன் இன்னதென்று தெரியாத நாளிலும் ஒருவர் அதனைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1899-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், குரல்களைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஒரு காப்பகம் நிறுவப்பட்டது. உலகின் முதல் ஒலிக் காப்பகம் அதுவே. திருச்சபையும் பின்தங்கி நிற்கவில்லை. 1898-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் (இளையோர் 13-ஆம் லியோ என்பர்) வத்திக்கான் தோட்டத்தில் அமர்ந்து ஆசீர் அளிப்பதை டிக்சன் என்பவர் அசையும் படமாக எடுத்தார். 1810-இல் பிறந்த பெரியவர் கையசைப்பதை இன்றும் நாம் காண முடிகிறது. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைப் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். 1959 நவம்பர் 16-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் வத்திக்கான் திரைப்படக் காப்பகத்தை ஏற்படுத்தினார். படம் எடுப்பதும் ஒலி பரப்புவதும் ஒரு பணி. எடுத்ததைக் காப்பது தனிப் பணி என்பதை உரோமை உணர்ந்திருந்தது.

தீக்கு இரையான சுருள்கள்

தொடக்ககாலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. பற்றிக்கொண்டால் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே தந்துகொண்டு எரியும். தண்ணீரில் மூழ்கடித்தாலும் அணையாது. திரைப்படம் எத்துணை எளிதில் தீயாகும் என்பதை உலகம் தொடக்கத்திலேயே கண்டது. 1897 மே 4-ஆம் நாள் பாரிசு நகரில், கத்தோலிக்கப் பிரபுக் குடும்பத்துப் பெண்கள் ஏழைகளுக்காக நடத்திய அறச்சந்தையில் படம் காட்டியபோது, கருவியின் விளக்கிலிருந்த ஈதர் ஆவி பற்றி மண்டபமே எரிந்தது. நூற்று இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

உயிர்ச்சேதம் ஒருபுறமிருக்க, படைப்புகளின் சேதம் அளவிடற்கரியது. பேசாப் படங்கள் பேசும் படங்களுக்கு வழிவிட்டபின், பழைய சுருள்களில் உள்ள வெள்ளிக்காக அவற்றைக் கரைத்து விற்றனர். நம் நாட்டில் பேசாப்பட காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை மிகச் சிலவே. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதற் பேசாப்படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’; அதுவும் இல்லை. தமிழன் திரையில் முதன்முதல் பேசிய சொற்களைக் கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1964-இல் நடுவண் அரசு புனே நகரில் தேசியத் திரைப்படக் காப்பகத்தை அமைத்தது. அதனைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று, வீடுகளிலும் கொட்டகைகளிலும் கிடந்த சுருள்களைத் தேடிச் சேர்த்தார். தாதாசாகேப் பால்கேயின் படங்களுள் நமக்கு எஞ்சியவை அவரது உழைப்பின் பயன் என்றால் மிகையாகாது. ஆயினும் 2003 ஜனவரியில் அப்புனேயிலேயே நைட்ரேட் சுருள்களை வைத்திருந்த கிடங்கு எரிந்து பழம்படங்கள் பல அழிந்தன. காப்பகத்துக்குள் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எவரும் உறங்க இயலாது என்பதற்கு இதுவே சான்று.

இங்கே நம் மனத்தைத் தொட்ட வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையையும் மரணத்தையும் டென்மார்க் நாட்டுக் கலைஞர் கார்ல் டிரையர் 1928-இல் படமாக்கினார். அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த தீ விபத்தில் அதன் மூலச்சுருள் எரிந்து போயிற்று. அவர் சோர்ந்துவிடாமல், முன்பு வேண்டாமென்று ஒதுக்கிய காட்சித் துண்டுகளைச் சேர்த்து இரண்டாவது மூலச்சுருளை உருவாக்கினார். 1929-இல் அதுவும் தீக்கிரையாயிற்று. தீயில் மாண்ட புனிதையின் படம் இருமுறை தீயில் மாண்டது! முதலில் தொகுத்த படம் முற்றிலும் ஒழிந்தது என்று உலகம் எண்ணியிருக்க, 1981-இல் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றின் அறையலமாரியில் சில தகரப்பெட்டிகள் கிடைத்தன. திறந்து பார்த்தால், டிரையர் முதலில் தொகுத்தபடியே அமைந்த முழுப்படம்! டிரையர் 1968-இலேயே காலமாகிவிட்டார். அவர் அதனைக் காணவில்லை.

மூலம் இருமுறை எரிந்தும் அப்படம் ஏன் பிழைத்தது? தொலைவான ஓர் ஊரில், ஒருவரும் கருதாத ஓர் அலமாரியில், இன்னொரு பிரதி இருந்தமையால் பிழைத்தது. நம் தமிழுக்கும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் பிரதி நம் மண்ணில் ஒன்றும் எஞ்சவில்லை. கடல் கடந்து போய் அமெரிக்காவின் ஹார்வர்டு நூலகத்தில் சேர்ந்த ஒரு பிரதியே அதனை நமக்குக் காட்டி நிற்கிறது.

புளித்த வாடையும் பிசுபிசுத்த நாடாவும்

நைட்ரேட்டின் ஆபத்தை நீக்க, 1948 முதல் கோடக் நிறுவனம் எளிதில் எரியாத அசிட்டேட் சுருளைப் பரப்பியது. ‘பாதுகாப்புச் சுருள்’ என்றே அதற்குப் பெயர். ஆனால் சில ஆண்டுகளிலேயே அதற்கும் ஒரு நோய் கண்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சுருள் சுருங்கி, வளைந்து, காடியின் புளித்த வாடை வீசும். இச்சிதைவைப் பற்றிக் கோடக் நிறுவனத்துக்கு முதன்முதல் எழுதித் தெரிவித்தது நம் இந்திய அரசே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நம் நாட்டின் வெயிலும் புழுக்கமும் அந்நோயை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தன. ஒரு சுருளுக்கு இந்நோய் வந்தால், அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். ஆகையால் பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால், அதனை உடனே தனியே பிரித்து வைத்தல் வேண்டும்.

அடுத்து வந்தது காந்த நாடா. 1928-இல் ஜெர்மனியின் பிரிட்ஸ் ஃபிளாய்மர் காகிதத்தில் இரும்புத்தூள் பூசி ஒலிநாடா செய்தார். 1956-இல் அமெரிக்காவில் வீடியோ நாடாக் கருவி வந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டைக் கொண்டுவந்தது. 1976-இல் வீ.எச்.எஸ். வீடியோ வந்தது. இந்தக் கேசட்டும் வீடியோவும்தாம் நம் ஊர்களில் புரட்சி செய்தவை. அதுவரை குரலைப் பதிவு செய்தல் வானொலி நிலையத்தாரின் வேலை. அதன்பின் நவநாள் பாட்டும், திருவிழாப் பிரசங்கமும், கலியாண வீட்டு வாழ்த்தும் பாமரர் கையில் பதிவாயின. 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது அவரது குரலைக் கேசட்டில் பிடித்து வந்த குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு.

நாடாவில் இரும்புத்தூளை ஒட்டி வைத்திருக்கும் பசை, ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அந்நிலையில் ஓட்டினால் தூள் உரிந்து கருவியில் ஒட்டும். குரலும் அத்தோடு போய்விடும். நம் ஊரில் இதற்கு மேல் பூஞ்சையும் பிடிக்கும். இன்னொரு கேடு, கருவிகளே இல்லாது போனமை. வீ.எச்.எஸ். கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. யுனெஸ்கோ அமைப்பும் உலக ஒலிக் காப்பகத்தாரும் 2019-இல் காந்த நாடா குறித்து அபாயச் சங்கு ஊதினர். நாடா நல்ல நிலையில் இருந்தாலும், ஓட்டும் கருவியும் பழுது பார்க்கும் ஆளும் அருகிப்போவதால், ஏறத்தாழ 2025-க்குள் மாற்றப்படாதவை கேட்க இயலாது போகும் என்பதே அவர்கள் எச்சரிக்கை. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

நாமே செய்த பிழை

காலமும் ஈரமும் மட்டுமா பகை? மனிதர் கையும் பகைதான். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்தபோது அங்கிருந்து வந்த மூலப் படத்தைப் பதிந்து வைத்த நாடாக்களைத் தேடிய அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார், அவை பின்னாளில் அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவித்தனர். நாடா விலை அதிகம், தட்டுப்பாடும் இருந்தது, ஆகவே பழையதன்மேல் புதியதைப் பதிந்தனர். தொலைக்காட்சி நிலையங்களில் தங்கியிருந்த பிரதிகளைக் கொண்டே அக்காட்சியைப் பின்னர் செப்பனிட்டனர்.

பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. குருப்பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. நாம் வேறொரு பங்கில் உதவிப் பங்குக் குருவாக இருந்தோம். இளைஞர் இயக்கத்தாரின் பாட்டுப் பயிற்சியைப் பதிவு செய்ய ஒரு கேசட் தேவைப்பட்டது. மேசை இழுப்பறையில் பெயரெழுதாத பழைய கேசட் ஒன்று கிடந்தது. ஓட்டிப் பார்க்கவும் பொறுமையின்றி அதன்மேல் பதிந்துவிட்டோம். தவக்காலம் வந்ததும் ஒரு மூதாட்டி நம்மிடம் வந்து, “சாமி, எங்க உபதேசியார் வியாகுலப் பிரசங்கம் வாசிச்ச கேசட்டு அறைவீட்டுலதான் இருக்குன்னு சொன்னாங்க, ஒருக்கா போடுங்க சாமி” என்றார். கேசட்டின் கடைசியில், இளைஞர் பாட்டு முடிந்த பிறகு, அரை நிமிடம் அவர் குரல் எஞ்சியிருந்தது. அம்மூதாட்டி அதையே மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

வியாகுலப் பிரசங்கத்தின் சொற்கள் அச்சில் உள்ளன. அந்த ஊரின் இராகம் எந்நூலிலும் இல்லை. அஃது அந்த உபதேசியாரின் தொண்டையிலும் அந்த நாடாவிலும் மட்டுமே இருந்தது. முன்னதைக் காலன் கொண்டுபோனான். பின்னதை நாம் அழித்தோம். கேசட்டின் பின்புறத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை யாரேனும் முன்பே உடைத்து விட்டிருந்தால் கருவி பதியாமல் தடுத்திருக்கும். அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தாலும் போதும், நாம் நிறுத்தியிருப்போம்.

எண்முறைக் காலம்

இன்றைய இளைஞர், “சாமி, இப்பொழுதுதான் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதே! இனி என்ன பயம்?” என்று நம்மைக் கேட்கின்றனர். டிஜிட்டலின் நன்மை பெரிதே. நாடாவைப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தரம் குறையும். எண்முறைக் கோப்பை ஆயிரம் முறை பிரதி எடுத்தாலும் ஆயிரமாவதும் முதலாவதைப் போலவே இருக்கும். ஆயினும் அதன் பலவீனம் வேறு வகை. நாடா கெட்டால் இரைச்சலோடாவது ஏதோ கேட்கும். கோப்பு கெட்டால் பெரும்பாலும் முழுதும் போய்விடும்.

இதற்கு ஒரு பாடத்தை இங்கிலாந்து நமக்குத் தருகிறது. 1086-இல் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையெல்லாம் கணக்கெடுத்துத் தோலேட்டில் எழுதுவித்தான். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1986-இல் பி.பி.சி. நிறுவனம், பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்த்த செய்திகளையும் படங்களையும் லேசர் தட்டுகளில் பதிந்து வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாயிற்று; வல்லுநர்கள் பாடுபட்டே அதனை மீட்க வேண்டியதாயிற்று. 900 ஆண்டுத் தோலேடோ அப்போதும் படிக்கத் தக்கதாகவே இருந்தது. நம் அலமாரியில் நாம் கண்டதும் இதே கதைதான்.

1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் சித்திரப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கம்ப்யூட்டரிலிருந்து அழிந்தது. பாதுகாப்புப் பிரதியைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவே இல்லை. அதுவரை எவரும் அதனைச் சோதித்துப் பார்க்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தபடியே பணியாற்றிய பெண் அலுவலர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியே அப்படத்தைக் காப்பாற்றியது. ஆஸ்லோ அலமாரியின் கதை மீண்டும் ஒருமுறை நடந்தது, அவ்வளவே.

பதிவேடு கற்பித்த பாடம்

இவற்றையெல்லாம் படித்தபின் நாம் மீண்டும் அந்தத் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். மை நல்ல மை, தாள் நல்ல தாள் என்பதால் மட்டும் அது பிழைத்ததா? இல்லை. தொடக்க ஆண்டுகளின் சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அப்பக்கங்கள் வேறொரு கையெழுத்தில், பின்னாளில் திரும்ப எழுதிச் சேர்க்கப்பட்டவை. எங்கிருந்து எழுதினர்? ஆயர் இல்லத்தில் இருந்த பிரதியிலிருந்து.

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 470-ஆம் சட்டம், பங்குக் குரு ஆண்டுதோறும் தம் பங்குப் பதிவேடுகளின் பிரதியை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பணித்தது. 1983-ஆம் ஆண்டுப் புதிய தொகுப்பின் 491-ஆம் சட்டமோ, பங்கு ஆவணங்களின் அட்டவணையை இரு பிரதிகளாக எழுதி, ஒன்றைப் பங்கிலும் மற்றதை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்கச் சொல்கிறது. இன்று உலகக் காப்பகத்தார் பெரிதாகச் சொல்லும் விதி யாது? மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பதே. நம் முன்னோர் மயிலிறகுப் பேனாக் காலத்திலேயே இதன் சாரத்தைக் கண்டிருந்தனர்.

ஆகவே நாம் கற்ற பாடம் ஒன்றே. அழியாத பொருள் என்று உலகில் ஒன்றுமில்லை. பிரதி எடுப்பவரும், சரிபார்ப்பவரும், அடுத்தவர் கையில் ஒப்படைப்பவரும் தலைமுறைதோறும் இருந்தால்தான் குரல் நிலைக்கும். காப்பது என்பது ஒருநாள் வேலையன்று. கைமாற்றிக் கொடுக்கும் தொடர்வேலை.

இனி நம் பங்கில்

பங்குப் பேரவையாருடன் கலந்து நாம் முடிவு செய்தவற்றைக் கீழே தருகிறோம். வீட்டிலும் இவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. முதல் வேலை பட்டியல். ஒவ்வொரு நாடாவுக்கும் தட்டுக்கும் ஓர் எண். என்ன நிகழ்ச்சி, எந்த நாள், யார் குரல், யார் கொடுத்தது என்பன ஒரு நோட்டில் எழுதப்படும்.

2. பூஞ்சை பிடித்த நாடாவையும் பிசுபிசுத்த நாடாவையும் வீட்டுக் கருவியில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. துணியால் துடைக்கவும் கூடாது. பழகியவர் கையில் கொடுக்க வேண்டும்.

3. கேசட்டுகளின் பின்புறத்துப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். ஒலிபெருக்கிக்கும் காந்தத்துக்கும் அருகில் வைக்கலாகாது. நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

4. ஒலியை மாற்றும்போது சுருக்காத ‘வேவ்’ கோப்பாக, வினாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்ற அளவுக்குக் குறையாமல் மாற்ற வேண்டும். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி. இடம் போதும். எம்.பி.3 கோப்பு அதில் பதினெட்டில் ஒரு பங்கே பிடிக்கும். ஆனால் அது கேட்பதற்கு உரியது, காப்பதற்கு உரியதன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவும் அவ்வாறே, அனுப்பும்போதே சுருங்கிவிடுகிறது. எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பையே பெற வேண்டும்.

5. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி ஆகியன இருக்க வேண்டும். ‘புதியது 1’, ‘கடைசி’, ‘கடைசி 2’ என்ற பெயர்களால் யாருக்கும் பயனில்லை.

6. பிரதிகள் மூன்று: ஒன்று அறைவீட்டில், ஒன்று பள்ளியில், ஒன்று மறைமாவட்டக் காப்பகத்தில்.

7. ஒவ்வொரு கோப்புக்கும் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் சரிபார்ப்பு எண் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாக் கணக்கு முடிக்கும் வாரத்தில், பிரதிகளைத் திறந்து இவ்வெண்ணை ஒத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும்.

8. மாற்றியபின்னும் மூல நாடாவை எறியலாகாது. பொன்விழா வீடியோவுக்கு நேர்ந்த கதி போதும்.

9. வீட்டு நிகழ்ச்சிகளின் பதிவைக் குடும்பத்தாரின் இசைவின்றி எவருக்கும் காட்டவோ பரப்பவோ மாட்டோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழாச் சுருள்களில் ஒன்றை, பழைய கருவியை இன்னும் பேணி வைத்திருக்கும் ஓர் அன்பரிடம் கொடுத்தோம். பதினொரு நிமிடம் தேறியது. மணியோசை, அதன்பின் பாடகர் குழுவின் பாட்டு, அதன்பின் ஒரு பெண் குழந்தை வாசிக்கும் வரவேற்புரை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பெரியவர்களை அறைவீட்டுக்கு அழைத்து அதனைப் போட்டுக் காட்டினோம். ஆர்மோனியம் யாருடையது, முதற்குரல் யாருடையது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தனர். ஒருவர் தம் தகப்பனார் குரலை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்டார். அந்தக் குழந்தை யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. “போன வருஷம் கேட்டிருந்தா அண்ணாவி சொல்லியிருப்பாரு சாமி” என்றார் ஒரு பெரியவர். அண்ணாவியாரைச் சென்ற தைமாதத்தில்தான் அடக்கம் செய்தோம்.

நாடாவைப் போலவே நினைவும் தேய்கிறது. நாடாவை மாற்றக் கருவி வேண்டும். நாடாவில் உள்ளவர் யாரென்று சொல்ல உயிருள்ள மனிதர் வேண்டும். ஆகவே பங்கு மக்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் கேசட்டுகளையும், வீடியோக்களையும், சி.டி.க்களையும் விழா முடிவதற்குள் அறைவீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். வரும்போது உங்கள் வீட்டுப் பெரியவரையும் கூட்டி வாருங்கள். நோட்டில் எழுத அவர் சொல் வேண்டும்.

நூற்றாண்டு விழா மலரை எழுதப்போகும் குருவானவர் இன்று ஒருவேளை நம் மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கலாம். அவர் அந்த அலமாரியைத் திறக்கும் நாளில் நம் குரல் அவருக்குக் கேட்கட்டும். அந்தக் குழந்தை யாரென்று அறிந்தவர் எவரேனும் இருப்பின், தயவுசெய்து நம்மிடம் வந்து சொல்லுங்கள்.